கலையும் கட்டளையும்: மறுமலர்ச்சி முதல் பரோக் காலம் வரை ஐரோப்பியச் சமயக் கலை பற்றிய ஒரு நோக்கு

1573ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆம் நாள், வெனிசு நகரின் சமய விசாரணை மன்றத்தின் முன் ஓவியர் ஒருவர் நிறுத்தப்பட்டார். பவுலோ வெறொனேசே என்பது அவர் பெயர். அந்நகரில் தொமினிக்கன் துறவிகளின் மடமொன்றின் உணவு மண்டபத்துக்காக அவர் இயேசுவின் இறுதி இராப்போசனத்தைத் தீட்டியிருந்தார். அம்மண்டபத்தில் முன்னர் இருந்த தீசியானின் ஓவியம் 1571இல் தீக்கிரையாகிவிட்டமையால் அவ்விடத்தை நிரப்பும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 13 மீற்றர் நீளமுடைய அப்பேரோவியத்தில் இயேசுவும் சீடர்களும் மட்டுமன்றி, கையிற் கிளியை ஏந்திய விகடனும், குள்ளரும், நாயும், மூக்கில் இரத்தம் வடியும் பணியாளனும், யேர்மானியப் படைவீரரும் இடம்பெற்றிருந்தனர்.

இறுதி இராப்போசனத்தின்போது அங்கே உண்மையில் யார் யார் இருந்தனர் என விசாரணையாளர் வினவினர். இயேசுவும் அவருடைய அப்போஸ்தலரும் இருந்தனர் என விடை கூறிய வெறொனேசே, ஓவியத்தில் இடம் எஞ்சியிருப்பின் அதனைப் பிற உருவங்களால் அழகுபடுத்துவது ஓவியர் வழக்கம் என்றார். கவிஞரும் பித்தரும் எடுத்துக்கொள்ளும் உரிமையையே தாமும் எடுத்துக்கொண்டதாகவும் அவர் வாதிட்டார். மன்றம் இதனை ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் தம் சொந்தச் செலவில் ஓவியத்தைத் திருத்தவேண்டும் என அவருக்குக் கட்டளையிடப்பட்டது. அவர் செய்த முக்கியமான மாற்றம் ஒன்றுதான். லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைச் சுட்டும் வாசகத்தை ஓவியத்தில் எழுதி, அதனை 'லேவியின் வீட்டு விருந்து' ஆக்கினார். லேவி ஒரு வரி தண்டுவோன். அவன் வீட்டு விருந்தில் பாவிகளும் இருந்தனர் என நற்செய்தியே கூறுகின்றது. ஆகவே விகடனும் படைவீரரும் தத்தம் இடங்களிலேயே இருந்தனர். வெனிசின் அக்கடமியா கலைக்கூடத்தில் இன்றும் அவர்களைக் காணலாம்.

இந்நிகழ்ச்சி கலை வரலாற்றிற் பலராலும் எடுத்துக்கூறப்படுவது. அதிகாரத்தின் மடமையையும் கலைஞனின் சாதுரியத்தையும் காட்டும் ஒரு சுவையான கதையாகவே பெரும்பாலும் இது நோக்கப்படுகின்றது. ஆயின் இதனுள் பொதிந்துள்ள வினா அத்துணை இலகுவானதன்று. இறைவனின் விருந்தில் யார் யாருக்கு இடமுண்டு? சமயக் கலை யாரை நோக்கிப் பேசவேண்டும்? அவ்வாறு பேசத் தொடங்கின் அதில் யாருடைய முகங்கள் தோன்றும்? 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கலையும் இசையும் இவ்வினாக்களைச் சுற்றியே வளர்ந்தன என்பதை எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகின்றது.

மறுமலர்ச்சிக் கலையும் அதன் சுவைஞரும்

மறுமலர்ச்சிக் காலம் மனித சுதந்திரத்தின் விடியல் எனவும், அதனைத் தொடர்ந்த கத்தோலிக்க எதிர்ச் சீர்திருத்தக் காலம் கலையைச் சமயத்தின் விலங்கிற் பூட்டிய இருண்ட காலம் எனவும் கூறும் வழக்கம் நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. இக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் மறுமலர்ச்சிக் கலை யாருக்காகப் படைக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பும்போது இச்சித்திரம் மாறத் தொடங்குகின்றது.

15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் புளோரன்சில் பொத்திச்செல்லி தீட்டிய 'வசந்தம்' என்னும் ஓவியத்தைப் புரிந்துகொள்ள லத்தீன் கவிதையிற் பயிற்சி வேண்டும். மெடிச்சி குடும்பத்தின் நிழலில் வளர்ந்த பிளேட்டோவியச் சிந்தனையிலும் பரிச்சயம் வேண்டும். இறபேல் 1509க்கும் 1511க்கும் இடையில் தீட்டிய 'ஏதென்சின் கலாசாலை' பாப்பரசரின் அரண்மனை அறையொன்றின் சுவரில் உள்ளது. நெசவாளியோ மீனவனோ அவ்வறைக்குட் செல்லும் வாய்ப்பு இருக்கவில்லை.

இசையில் இவ்விடைவெளி மேலும் அகன்றிருந்தது. அக்காலத் தேவாலய இசையின் உயர்ந்த வடிவம் பல்குரல் இசையாகும். நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் தத்தமக்குரிய மெட்டைத் தனித்தனியே பாடி, ஒன்றோடொன்று பின்னிச் செல்வது அம்முறை. ஒரு குரல் ஒரு சொல்லைத் தொடங்கும்போது மற்றொரு குரல் வேறொரு சொல்லை முடித்துக்கொண்டிருக்கும். மேலும், பூசைக்குரிய இசை பல வேளைகளில் உலகியற் பாடலொன்றின் மெட்டை அடித்தளமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஆயுதந் தரித்த மனிதனைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் பாடல் ஒன்றின் மீது யோஸ்கான் உட்படப் பல இசையாசிரியர் பூசை இசை அமைத்துள்ளனர். நுட்பம் அறிந்தோர் இதில் பெரும் இன்பம் கண்டனர். லத்தீன் மொழியே அறியாத பொதுமகனுக்கோ, அறிந்த ஒரு சில சொற்களும் அவ்வொலிப் பின்னலிற் கரைந்து போயின. கலை உச்சத்தை அடைந்த அதே வேளையில் வழிபடும் மக்களிடமிருந்து வெகுதூரம் விலகியிருந்தது எனலாம்.

சீர்திருத்தவாதிகளின் மூன்று விடைகள்

1517இல் மாட்டின் லூதர் தொடக்கிய சமயச் சீர்திருத்த இயக்கம் இவ்விலகலை நேரடியாகத் தாக்கியது. ஆனால் புரட்டஸ்தாந்தர் அனைவரும் கலையைப் பகைத்தனர் என எண்ணுவது தவறாகும். அவர்களிடையே குறைந்தது மூன்று வேறுபட்ட நிலைப்பாடுகள் காணப்பட்டன.

லூதர் இசையை இறைவனின் கொடையாகக் கருதினார். யோஸ்கானின் பல்குரல் இசையை அவர் பெரிதும் போற்றினார். ஆயினும் மக்கள் தம் தாய்மொழியில் தாமே பாடவேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து. 1524இல் விற்றன்பேக்கில் இசையாசிரியர் யொகான் வால்ற்றர் வெளியிட்ட பாடற்றொகுதிக்கு லூதரே முன்னுரை எழுதினார். இவ்வாறு யேர்மன் மொழியில் தோன்றிய சபைப் பாடல் இசை வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆயிற்று. படங்களையும் லூதர் வெறுக்கவில்லை. 1522இல் விற்றன்பேக்கிற் படங்களை உடைக்க முற்பட்டோரைத் தடுக்கவே அவர் தம் மறைவிடத்தை விட்டு வெளியேறினார்.

சூரிச் நகரின் சுவிங்கிலி இதற்கு நேர்மாறானவர். அவரே பல இசைக்கருவிகளில் வல்லவர். எனினும் வழிபாட்டில் இசைக்கு இடமில்லை எனத் துணிந்தார். 1524இல் அந்நகரத் தேவாலயங்களிலிருந்து படங்களும் சொரூபங்களும் அகற்றப்பட்டன. ஓர்கன் இசைக்கருவிகளும் பின்னர் மௌனமாக்கப்பட்டன. ஜெனீவாவில் கல்வின் இடைவழியைக் கண்டார். விவிலியச் சங்கீதங்களைப் பிரெஞ்சு மொழியில் செய்யுளாக்கி, வாத்தியத் துணையின்றி, அனைவரும் ஒரே மெட்டில் பாடும் முறையை அவர் ஏற்படுத்தினார். 150 சங்கீதங்களையும் கொண்ட முழுமையான தொகுதி 1562இல் வெளிவந்தது.

இம்மூவரிடையேயும் வேற்றுமை பல இருப்பினும், சொல் விளங்கவேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர். அவ்வொற்றுமையின் விளைவு எல்லா இடங்களிலும் அமைதியாக அமையவில்லை. 1566இல் ஒல்லாந்து, பிளாண்டர்சுப் பகுதிகளில் எழுந்த படவுடைப்பு அலையில் அன்ற்வேப் பேராலயம் உட்பட நூற்றுக்கணக்கான தேவாலயங்களின் பீடங்களும் சொரூபங்களும் தகர்க்கப்பட்டன. பல தலைமுறைக் கைவினைஞரின் உழைப்பு சில நாட்களில் அழிந்தது.

திரெந்துச் சங்கத்தின் மறுமொழி

கத்தோலிக்கத் திருச்சபையின் மறுமொழி 1545 முதல் 1563 வரை இடையிடையே கூடிய திரெந்துப் பொதுச்சங்கத்தில் உருவாயிற்று. இச்சங்கம் கலை பற்றிக் கூறியவை வியக்கத்தக்க வகையிற் சுருக்கமானவை. 1562 செப்ரெம்பரில், ஓர்கன் இசையாயினும் பாடலாயினும் இழிவான காமச் சாயல் கலந்த எதுவும் தேவாலயத்தினுள் இடம்பெறலாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது. 1563 திசெம்பர் 3ஆம் நாள், சங்கம் நிறைவெய்தும் தறுவாயில், படங்கள் பற்றிய ஆணை நிறைவேற்றப்பட்டது. படத்துக்குச் செலுத்தும் மரியாதை அது குறிக்கும் மூலத்துக்கே உரியது. படங்களின் வாயிலாக மேற்றிராணிமார் மக்களுக்கு விசுவாசத்தைப் போதிக்கவேண்டும். காமத்தைத் தூண்டும் அழகு தவிர்க்கப்படவேண்டும். மேற்றிராணியாரின் அனுமதியின்றி வழக்கத்துக்கு மாறான படம் எதனையும் வைக்கலாகாது என்பன அதன் சாரம்.

இவ்வாணையின் முதற் பலி மைக்கலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' ஆகும். 1541இல் நிறைவுற்ற அவ்வோவியத்தின் நிர்வாண உருவங்களை மறைக்க 1564இல் முடிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் மைக்கலாஞ்சலோ மறைந்தார். மறுவருடம் அவருடைய நண்பரும் அபிமானியுமான தனியேலே த வொல்ற்றெறா அவ்வுருவங்களுக்கு ஆடை தீட்டும் பணியை மேற்கொண்டார். அதன்பின் 'காற்சட்டை தைப்பவர்' என்னும் பரிகாசப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இசைத்துறையில் நிகழ்ந்தது வேறு. 1555இல் மூன்று வாரங்கள் மட்டுமே பாப்பரசராக இருந்த இரண்டாம் மார்செல்லுசு, பெரிய வெள்ளியன்று தம் பாடகரை அழைத்து, அந்நாளின் துயருக்கு ஏற்றவாறும் சொற்கள் கேட்போருக்கு விளங்கும் வண்ணமும் பாடுமாறு கேட்டுக்கொண்டார். 1565 ஏப்ரல் 28ஆம் நாள், கர்தினால் வித்தெல்லியின் இல்லத்தில் பாப்பரசரின் பாடகர் கூடி, சில பூசை இசைகளைப் பாடிக் காட்டினர். சொற்கள் விளங்குகின்றனவா எனச் சோதிப்பதே அதன் நோக்கம். 1567இல் பலஸ்திறீனா வெளியிட்ட தொகுதியில் 'பாப்பரசர் மார்செல்லுசுப் பூசை' என்னும் ஆறு குரல் இசை இடம்பெற்றது. அவ்விசையைக் கேட்ட பின்னரே பல்குரல் இசையைத் தடை செய்யும் எண்ணத்தைத் திருச்சபை கைவிட்டது என்னும் கதை 1607 முதல் வழங்கி வருகின்றது. இக்கதைக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆயினும் அவ்விசையின் அமைப்பே ஒரு சான்றாகும். நீண்ட சொற்றொடர் வரும் இடங்களில் குரல்கள் பெரும்பாலும் ஒரே அசையை ஒரே வேளையிற் பாடுகின்றன. சொற்கள் தெளிவாக வெளிவருகின்றன. சொல் குறைந்த இடங்களில் குரல்கள் பழைய முறைப்படி விரிந்து பின்னுகின்றன. கட்டளையைக் கலையின் இலக்கணமாகவே மாற்றிக்கொண்டார் பலஸ்திறீனா.

'சொல் விளங்கவேண்டும்' என்னும் குரல் திருச்சபையிலிருந்து மட்டும் எழவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வானியலறிஞர் கலிலியோவின் தந்தையாகிய வின்செஞ்சோ கலிலெய் 1581இல் வெளியிட்ட நூலில், பல்குரல் இசை கவிதையின் உணர்ச்சியைச் சிதைக்கின்றது எனக் கண்டித்தார். பண்டைய கிரேக்கரின் இசையை மீட்க விரும்பிய புளோரன்சு அறிஞரின் இம்முயற்சியிலிருந்தே ஒற்றைக் குரலில் பேச்சின் நடையைத் தழுவிச் செல்லும் புதிய பாணி பிறந்தது. அதிலிருந்து 'ஒப்பெறா' என்னும் இசைநாடகம் தோன்றியது. மொன்ற்றிவேர்டியின் 'ஓர்பியோ' 1607இல் மாந்துவாவில் அரங்கேறியது. சமயத் தலைவரும் உலகியல் அறிஞரும் வேறுவேறு வழியால் ஒரே இடத்தை வந்தடைந்தனர்.

கட்டளை நிறைவேறியபோது

படங்கள் எழுத்தறியாதோரின் நூல் என ஏறத்தாழ கி.பி. 600இல் பாப்பரசர் முதலாம் கிரெகோரி கூறியிருந்தார். பொலொஞ்ஞாவின் கர்தினால் பலெயோத்தி 1582இல் தம் நூலில் இக்கருத்தை விரித்துரைத்து, சமய ஓவியம் கற்றோரையும் கல்லாதோரையும் ஒருங்கே தொடவேண்டும் என வலியுறுத்தினார். இக்கோரிக்கையை எவரினும் ஆழமாக நிறைவேற்றியவர் கரவாஜ்ஜோ எனக் கூறின் அது மிகையாகாது.

உரோமாபுரியின் பிரெஞ்சுக்காரர் தேவாலயத்தில் 1600இல் நிறைவுற்ற 'மத்தேயுவின் அழைப்பு' ஓர் எளிய அறையையே காட்டுகின்றது. அக்கால உடை தரித்தோர் மேசையில் நாணயம் எண்ணுகின்றனர்; பக்கத்திலிருந்து வரும் ஒளியுடன் கிறிஸ்து கையை நீட்டுகின்றார். விளக்கவுரை எதுவும் வேண்டாத காட்சி அது. ஆனால் அதே சிற்றாலயத்தின் பீடத்துக்காக 1602இல் அவர் முதலில் தீட்டிய 'மத்தேயுவும் சம்மனசும்' ஏற்றுக்கொள்ளப்படவில்லை என அக்கால வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். கால்மேற் கால் போட்டு, வெறும் பாதங்களைப் பார்ப்போர் முன் நீட்டியபடி, எழுதப் பழகாத உழவன் போல் அமர்ந்திருந்த மத்தேயு புனிதருக்குரிய தோற்றம் உடையவர் அல்லர் எனக் கருதப்பட்டார். நிராகரிக்கப்பட்ட அவ்வோவியம் தனியார் கைக்குச் சென்று, பின்னர் பேர்ளினை அடைந்து, 1945இல் அழிந்தது. சில ஆண்டுகளின் பின் கார்மேல் துறவிகளுக்காக அவர் தீட்டிய 'கன்னி மரியாளின் மரணம்' என்பதும் அவ்வாறே மறுக்கப்பட்டது. வீங்கிய உடலும் மூடப்படாத கால்களுமாகக் கிடந்தவள் விண்ணக அரசியாகத் தோன்றவில்லை. அயல்வீட்டில் இறந்த ஓர் ஏழைத் தாயாகவே தோன்றினாள். இளம் ஓவியரான றூபன்ஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க மாந்துவாக் கோமகன் 1607இல் அதனை வாங்கினார்; இன்று அது பாரிசின் லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது.

இங்கே வெளிப்படும் முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. கலை பொதுமக்களை நோக்கிப் பேசவேண்டும் எனக் கட்டளையிட்டது அதிகாரம். கலைஞன் அதற்குக் கீழ்ப்படிந்து, பொதுமக்களின் முகத்தையும் அழுக்குப் படிந்த பாதத்தையும் பீடத்தின்மேல் ஏற்றியபோது அதே அதிகாரம் அஞ்சிப் பின்வாங்கியது. வெறொனேசே கட்டளையை மீறியதனால் விசாரிக்கப்பட்டார். கரவாஜ்ஜோ அதனை முழுமையாக நிறைவேற்றியதனாலேயே மறுக்கப்பட்டார். மக்கள் கேட்போராகவும் காண்போராகவும் இருப்பது ஒன்று. அவர்களே கலையின் பொருளாவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் திருச்சபை அறிந்திருக்கவில்லை போலும்.

எனினும் எல்லாப் பீடங்களும் மறுக்கவில்லை. சாந்த அகொஸ்தீனோ தேவாலயத்தில், கரவாஜ்ஜோவின் மரியாள் முன் முழந்தாளிட்ட ஏழை யாத்திரிகர் இருவரின் அழுக்கான பாதங்கள் நானூறு ஆண்டுகளாக வழிபடுவோரின் கண்முன் உள்ளன. பேர்னினி போன்றோர் மாற்று வழியொன்றைக் கண்டனர். 1652இல் நிறைவுற்ற அவரது 'தெரேசாவின் பரவசம்', பளிங்கு, பொன்மூலாம், மறைவான சாளரத்திலிருந்து விழும் ஒளி ஆகியவற்றால் காண்போரின் புலன்களை ஆட்கொள்வது. பொதுமகன் இங்கே பொருளாக இல்லை. ஆனால் அவனது உணர்ச்சியே அச்சிற்பத்தின் இலக்காகும். பரோக் கலை என நாம் அழைப்பது பெரிதும் இவ்விரு வழிகளுக்கிடையே இயங்கியது.

தடையும் அதன் விலையும்

தடைகள் புதிய வடிவங்களுக்கு வழிகோலின என்பதற்குச் சான்றுகள் பல. கல்வினியர் வசமிருந்த அம்ஸ்ரடாமில் வழிபாட்டில் ஓர்கன் இசைக்க அனுமதி இருக்கவில்லை. ஆனால் ஓர்கன்கள் நகர சபையின் உடைமையாக இருந்தன. ஆகவே பழைய தேவாலயத்தின் ஓர்கன் கலைஞரான சுவீலிங், நகர சபையின் ஊழியராக, வழிபாடு அல்லாத வேளைகளில் மக்களுக்கு இசைத்தார். வழிபாட்டின் கட்டுப்பாடு நீங்கியமையால் அவ்விசை தன் போக்கில் விரிந்தது. யேர்மனியிலிருந்து மாணவர் பலர் அவரிடம் வந்து கற்றனர். அவர்கள் வழியே வட யேர்மானிய ஓர்கன் மரபு தழைத்தது. அம்மரபின் பெருங் கலைஞரான புக்ஸ்தஹூடவைக் கேட்பதற்காக 1705இல் ஓர் இளைஞர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் நடந்து லூபெக் நகரை அடைந்தார். அவரே யொகான் செபஸ்தியான் பாக். ஓர்கனை வெளியேற்றிய கல்வினியரின் தடை சில தலைமுறைகளின் பின் இவ்விடத்தில் வந்து நின்றது.

உரோமாபுரியில் தவக்காலத்தில் நாடக அரங்குகள் மூடப்பட்டன. நடிப்பின்றிப் பாடப்படும் சமயக் கதையாகிய 'ஒறற்றோறியோ' அதனால் வளர்ச்சி பெற்றது. பிலிப்பு நேரி என்னும் குருவானவர் தம் செபமண்டபத்தில் மக்களைக் கூட்டி எளிய பாடல்களையும் உரைகளையும் நிகழ்த்திய வழக்கமே அதன் வேர். மண்டபத்தின் பெயரே அவ்விசை வடிவத்துக்கும், அவர் நிறுவிய சபைக்கும் பெயராயிற்று.

ஆயினும் இவற்றைக் கொண்டு தடையே கலையின் தாய் என முடிவு செய்வது பெருந் தவறாகும். 1600 பெப்ரவரியில், பிலிப்பு நேரியின் சபையினருடைய மண்டபத்தில் 'ஆன்மாவும் உடலும்' பற்றிய கவலியேரியின் இசைநாடகம் அரங்கேறியது. அதே மாதம் 17ஆம் நாள், அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள சதுக்கமொன்றில், சிந்தனையாளர் யோர்டானோ புறூணோ உயிருடன் எரிக்கப்பட்டார். மேலும், தேவாலயத்திற் பெண்கள் பாடலாகாது என்னும் விதியின் விளைவாக, பருவமெய்து முன் விதையடிக்கப்பட்டுச் சிறுவர் குரல் காக்கப்பட்ட ஆண்பாடகர் இத்தாலிய தேவாலயங்களில் இடம்பெற்றனர். அவர்களுட் சிலர் பெரும் புகழ் ஈட்டினர்; வறிய குடும்பங்களிற் பிறந்த ஏனையோரின் பெயரைக்கூட வரலாறு குறித்து வைக்கவில்லை. தேவாலயத்தின் உயர்ந்த ஒலிக்குள் அச்சிறுவரின் உடலும் அடங்கியுள்ளது என்பதை இசை பற்றி எழுதும் எவரும் மறத்தலாகாது.

பாக்கின் விடை

1723இல் லைப்சிக் நகரில் பணியேற்றபோது பாக் கையொப்பமிட்ட உறுதிமொழியில், தேவாலய இசை மிக நீளாதிருக்கவேண்டும், ஒப்பெறாவைப் போன்று அமையலாகாது, கேட்போரைப் பக்திக்குத் தூண்டவேண்டும் என்னும் நிபந்தனை இருந்தது. திரெந்துச் சங்கம் முடிந்து 160 ஆண்டுகளின் பின், எதிர்ச் சமயப் பிரிவினரிடமிருந்து, அதே கட்டளை! நான்கு ஆண்டுகளின் பின், 1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, 'மத்தேயுவின்படி பாடுகள்' முதன்முதலாகப் பாடப்பட்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட அவ்விசையில் ஒப்பெறாவின் உத்திகள் நிரம்பியுள்ளன. நிபந்தனையின் முதலிரு பகுதிகளையும் மீறி, மூன்றாவதை நிறைவேற்றினார் பாக்.

இவ்விசையில் ஐந்து முறை வரும் சபைப் பாடலொன்றின் வரலாறு சுவையானது. மத்தியகால லத்தீன் பாடல் ஒன்றைத் தழுவி லூதரியக் கவிஞர் கேர்காட் அதன் சொற்களை இயற்றினார். மெட்டோ 1601இல் ஹஸ்லர் வெளியிட்ட காதற் பாடலுக்குரியது. ஹஸ்லர் வெனிசில் இசை பயின்ற புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கச் செல்வரிடம் ஊழியம் செய்தவர். எந்தக் கலப்பை அகற்றச் சமயத் தலைவர்கள் முனைந்தனரோ அக்கலப்பே இங்கு பக்தியின் உருவாக நிற்கின்றது.

இதனினும் முக்கியமான ஓர் இடம் உண்டு. இராப்போசனத்தின்போது, தம்மைக் காட்டிக்கொடுப்பவன் அங்கேயே இருக்கின்றான் என இயேசு கூறுகின்றார். அது நானோ எனச் சீடர்கள் பதறி வினவுகின்றனர். அவ்வினாவுக்கு நற்செய்தியின் விடை வருமுன், அனைவரும் அறிந்த சபைப் பாடலொன்றின் மெட்டு எழுந்து, குற்றவாளி நானே என விடை பகர்கின்றது. அந்நகரின் வணிகனும் கைவினைஞனும் சிறு வயது முதல் பாடிவந்த மெட்டு அது. வெறொனேசேயிடம் விசாரணையாளர் கேட்ட வினா, அந்த இராப்போசனத்தில் யார் இருந்தனர் என்பதாகும். நூற்றைம்பது ஆண்டுகளின் பின் பாக் அதற்கு அளித்த விடை: கேட்டுக்கொண்டிருக்கும் நாம் அனைவரும் இருந்தோம் என்பதே.

முடிவாக

ஐரோப்பாவின் இச்சமயப் பிளவு ஐரோப்பாவுடன் நின்றுவிடவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கல்வினின் வழிவந்த திருச்சபையினர். கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்தனர். 1687இல் அத்தடையை மீறி மறைவாக வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார், பிலிப்பு நேரியின் சபை ஒழுங்கைத் தழுவிக் கோவாவில் நிறுவப்பட்ட சபையைச் சேர்ந்தவர். அவர்பின் 1705இல் வந்த அதே சபையின் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், பாக்கின் சமகாலத்தவர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவரது 'வியாகுலப் பிரசங்கம்' கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழர் செவியில் இராகத்துடன் ஒலிக்கச் செய்தது. குருவும் ஆலயமும் அரிதாக இருந்த காலத்தில் மக்கள் தாமே வாசித்துப் பாடிக் காத்த நூல் அது. உரோமாபுரியின் செபமண்டபமொன்றில் தொடங்கிய முயற்சி, தடையின் நடுவே, நம் கடற்கரைக் கிராமங்களை வந்தடைந்தது.

கட்டளைக்கு உட்பட்ட கலை உயிரற்றதாகவே இருக்கும் என்பதும், கட்டளையே கலையை வளர்க்கின்றது என்பதும் இவ்வரலாற்றின் முன் நில்லாக் கூற்றுக்கள். கட்டளையிட்டோர் விரும்பியது பணிவுள்ள மக்களுக்கு விளங்கும் கலை. ஆனால் விளங்கவேண்டும் என்னும் அக்கோரிக்கையைக் கலைஞர் உண்மையாகவே மேற்கொண்டபோது, விளக்கம் பெறவேண்டியவராகக் கருதப்பட்ட மக்களே மேசையில் வந்து அமர்ந்தனர். அவர்களுக்கு இடம் கொடுத்த கலைஞர் விசாரிக்கப்பட்டனர், மறுக்கப்பட்டனர், சிலவேளை போற்றப்பட்டனர். இடம் கொடுத்த படைப்புக்களே இன்று நம்மோடு பேசுகின்றன. மக்களுக்காகக் கலை எனக் கூறும் எவரும், அம்மக்கள் அழுக்கான பாதத்துடன் உள்ளே வரும்போது கதவைத் திறந்து வைத்திருப்பரா என்பதே எக்காலத்துக்கும் உரிய சோதனையாகும்.